கடலுக்குள் போகிற சீதனம்

1

என் ஊர் கடலில் மூழ்கிக்கொண்டிருக்கிறது என்ற செய்தியை நான் ஈப்போவில், காலைச் சந்தையில், வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றபோதுதான் அறிந்துகொண்டேன். சொன்னவர் சரசக்கா. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி இருப்பவர். தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எவ்வளவு பெரிய இடியையும் பதறாமல் இறக்கிவைக்கும் பழக்கம் அவருக்கு அங்கேதான் வந்திருக்க வேண்டும்.

"டீச்சர், இது உங்க ஊருதானே? முழுகுதாம் லா. பாத்தீங்களா இல்லையா?" என்று கைப்பேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

நான் பள்ளிக்கூட ஆசிரியை அல்ல. வீட்டில் பிள்ளைகளுக்குத் தமிழ் ட்யூஷன் எடுக்கிறேன். அதனால் இந்தத் தாமான் குடியிருப்பில் எல்லோருக்கும் டீச்சர்.

பார்த்தேன். பாதி இடிந்த ஒரு வீடு. கூரை இல்லை, யன்னல் இல்லை, சுற்றிலும் முழங்கால் அளவு தண்ணீர். பின்னணியில் வயலின் அழுதது. 'கடல் விழுங்கிய வீடு' என்று எழுத்து ஓடியது. பிறகு ஒரு பெண் குரல், இன்னும் கொஞ்சக் காலத்தில் இந்தத் தீவை வரைபடத்தில் தேடினாலும் கிடைக்காது என்று தழுதழுத்தது. அந்தக் குரல் எனக்குப் பழக்கம். அன்று காலையில்தான் குளியலறைக்குள் இருந்து "மா, டவல் எங்க?" என்று கத்தியிருந்தது.

என் மகள் யாழினி. இணையத்தில் தமிழ்ச் செய்திக் காணொளிகள் போடும் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை செய்கிறாள். சில வாரங்களாக என்னிடம் ஊரைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டாள். ஊரில் இருக்கும் மாமாவின், அதாவது என் அண்ணனின், தொலைபேசி இலக்கத்தையும் வாங்கினாள். நானும் பூரித்துப்போய், கேட்டதற்கும் கேளாததற்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். வெண்டைக்காயை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

2

யாழ்ப்பாணத்துக்கு மேற்கே இருக்கும் தீவுகளில் ஒன்று என் ஊர். எது என்று எழுதப்போவதில்லை. இந்த மாதத்துக்கு அதன் பெயர் கெட்டது போதும். அங்கேயிருந்து இதை வாசிக்கிற உங்களில் பாதிப் பேர் எப்படியும் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

செருப்பைக் கழற்ற முன்பே தொடங்கிவிட்டேன்.

"யாழினி, அந்த வீட்டைக் கடல் எடுக்கேல்லை."

அவள் மேசையில் காலைத் தூக்கிப் போட்டபடி மடிக்கணினியில் ஏதோ வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். "பாத்துட்டீங்களா? நானே காட்டலாம்னு இருந்தேன் மா. நல்லா போவுது."

"அது என்னோடை படிச்ச வசந்தியின்ர வீடு. சண்டைக்குள்ள சனம் விட்டிட்டு ஓடினது. அவை இப்ப கனடாவில. ஓட்டையும் யன்னலையும் ஆர் ஆரோ கழட்டிக்கொண்டு போட்டினம். பிறகு மழைக்குச் சுவர் விழுந்தது."

"அப்ப அந்தத் தண்ணி?"

"மாரித் தண்ணி. ஒவ்வொரு மாரிக்கும் அந்த வெளியில ஏறி நிக்கும், பங்குனிக்குள்ள வத்திப்போகும். நாங்கள் சின்னனில அதுக்குள்ளதான் விளையாடினது."

அவள் காலைக் கீழே இறக்கினாள். "தெரியும் மா. மாமாவும் அதான் சொன்னாரு. எடிட்டர்கிட்ட சொன்னேன். சண்டைன்னா அது வேற ஸ்டோரி, ரெண்டையும் கலக்காதன்னு சொல்லிட்டாரு. அந்த வீடு இல்லாட்டி வீடியோவ யாரு பாப்பாங்க?"

வேற ஸ்டோரி. அந்த வேறு கதையில்தான் என் பதின்வயது முழுவதும் இருக்கிறது. அந்தக் கதையில்தான் நான் வள்ளத்தில் ஏறினேன், முகாமில் படுத்தேன், கடைசியில் புகைப்படம் பார்த்துச் சம்மதம் சொல்லி ஈப்போவுக்கு வாழ்க்கைப்பட்டேன். எனக்குச் சரியான கோபம் வந்தது. ஆனால் திட்ட வாய் திறந்தவள் மூடிக்கொண்டேன்.

காரணம் சொல்கிறேன். இந்தப் பிள்ளை வளர்ந்த காலம் முழுக்க என் ஊரைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை. ஒரு முறை கூட்டிக்கொண்டு போனபோது, இணையம் கிடைக்கவில்லை என்று பனை மரம் பனை மரமாகக் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு திரிந்தாள். இப்போது சோளகக் காற்று எந்தத் திசையிலிருந்து வீசும், வாடை எப்போது தொடங்கும் என்று எனக்கே வகுப்பு எடுக்கிறாள். ஊர் சாகப்போகிறது என்று கேள்விப்பட்ட பிறகுதான் அவளுக்கு அதன்மேல் ஆசை வந்திருக்கிறது. இதற்குச் சந்தோஷப்படுவதா, தலையில் கை வைப்பதா என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியவில்லை.

3

மறுநாள் அண்ணை தொலைபேசியில் அழைத்தார். எனக்கிருப்பது ஒரே அண்ணன். இன்னமும் ஊரில், நாங்கள் பிறந்த வீட்டிலேயே இருக்கிறார்.

"பிள்ளை, உன்ர மகள் என்ன செய்து வைச்சிருக்கிறாள் எண்டு பாத்தியோ?"

"பாத்தனான் அண்ணை."

"மாப்பிள்ளை வீட்டுக்காரரும் பாத்திட்டினம்."

அண்ணையின் மகள் தர்சிகாவுக்கு ஒரு சம்பந்தம் முக்கால்வாசி பேசி முடிந்திருந்தது. மாப்பிள்ளை யாழ்ப்பாண நகரத்தில் ஆசிரியர், நல்ல பெடியன். சீதனமாக எங்கள் வீடும் அதைச் சுற்றிய பனங்காணியும் எழுதிக் கொடுப்பதாகப் பேச்சு.

"கடலுக்கை போற வீட்டை எழுதித் தந்தால் எங்கட பிள்ளை அதுக்கை இருந்து மீனோ பிடிக்கிறது எண்டு மாப்பிள்ளையின்ர தாய் மனுசி கேக்குது" என்றார் அண்ணை.

கெட்ட நேரத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கினேன்.

"நீ சிரிக்கிறியோ?"

"இல்லை அண்ணை. தடிமன், மூக்கடைப்பு."

"அந்த வீடியோவை அழிக்கச் சொல்லு. கலியாணம் குழம்பிச்சுதெண்டால் நான் இந்தப் பிள்ளையை வைச்சுக்கொண்டு என்ன செய்யிறது? வயசும் போகுது."

உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குப் போகிற பொருள். இங்கே சரசக்காவுக்கு இதை விளங்கப்படுத்த நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். "பொண்ணு கட்டிக்கிட்டு மாமியா வீட்டுக்குப் போறது போயி, மாப்பிள்ளை பொண்ணு வீட்டுக்கு வருவாரா? நல்லா இருக்கே டீச்சர் உங்க பழக்கம்!" என்று அதிசயப்பட்டார். அந்த வீடு என் அம்மம்மாவிடமிருந்து அம்மாவுக்குச் சீதனமாக வந்தது. அம்மாவிடமிருந்து எனக்கு வந்திருக்க வேண்டும். என் கணவர் வீட்டார் வெள்ளைக்காரன் காலத்தில் கிளாக்கர் உத்தியோகத்துக்கு ஈப்போவுக்கு வந்தவர்கள். அவ்வளவு தூரத்தில் ஒரு வீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றார்கள். நானும் அண்ணையிடம், உனக்குப் பெண்பிள்ளை பிறந்தால் அவளுக்குக் கொடு என்று சொல்லிவிட்டுக் கப்பல் ஏறாத குறையாக விமானம் ஏறினேன். அவளுக்காக வைத்திருந்த அந்த வீட்டைத்தான் இப்போது என் மகள் கடலுக்குள் தள்ளிவிட்டிருந்தாள்.

4

அந்த வாரம் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ட்யூஷன் பிள்ளைகளுக்குச் சொல்வதெழுதல் கொடுத்துவிட்டு, சொல்லை மறந்து நின்றேன். கைப்பேசியில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து எங்கள் கூரையைத் தேடினேன். கண்டுபிடித்து, கடல் எவ்வளவு தூரம் என்று விரலால் அளந்தேன். பிறகு மூடினேன். பிறகு திறந்தேன். படம் எந்த வருடத்தியது என்று தெரியாமல் அளந்து என்ன பயன் என்று என் கணவர் கேட்டார். அவரும் அளந்து பார்த்தவர்தான். அதை அவர் சொல்லவில்லை.

தொலைக்காட்சியைப் போட்டால் அங்கேயும் தீவுகள். பசிபிக்கிலோ எங்கேயோ, பெயரே கேள்விப்படாத ஒரு மணல் திட்டில் ஒரு பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அலையைப் பார்த்து நிற்கிறாள். எல்லாச் செய்தியிலும் அவளை அப்படித்தான் நிறுத்துகிறார்கள். அவள் அன்றைக்கு என்ன சமைத்தாள், யாரோடு சண்டை பிடித்தாள் என்று ஒருவரும் கேட்பதில்லை. எங்கள் தீவில் டொக்டர் இல்லாமல் போனபோது ஒரு கமராவும் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்பை மூடியபோது வரவில்லை. கடல் ஏறவில்லை என்று நான் வாதாட வரவில்லை. ஏறட்டும், ஏறுகிறது என்றால் சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஒரு தீவு செய்தியாவதற்குச் சாகத்தான் வேண்டுமா?

இந்தப் புலம்பலைச் சரசக்காவிடம் கொட்டினேன். அவர் வீட்டு வாசலில் மழை பார்த்துக்கொண்டிருந்தோம். ஈப்போ மழை தெரியும்தானே, மலையிலிருந்து ஓடி வருகிற மாதிரி வரும். எங்கள் தாமான் முன்பு ரப்பர் எஸ்டேட். மரம் நின்ற காலத்தில் மண் தண்ணீரைக் குடித்ததாம். இப்போது சிமெண்டு குடிக்க மாட்டேன் என்கிறது. வடிகால் நிரம்பி ரோட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

"உங்க ஊருக்காவது மியூசிக் போட்டு அழுவுறாங்க" என்றார் சரசக்கா. "நான் பொறந்தது சுங்காய்க்கு உள்ள ஒரு எஸ்டேட்டு. லயம், கோயிலு, ஸ்கூலு எல்லாம் இருந்துச்சு. ஒரு நாளு நோட்டீசு ஒட்டுனாங்க, லோரி வந்துச்சு, ஏத்திட்டுப் போயிட்டாங்க. இப்ப அங்க செம்பனை நிக்குது. கடலு வந்தா எடுத்துச்சு? அதுக்கு யாரு டீச்சர் வீடியோ போட்டா?" என்று சொல்லிவிட்டு, வாசலுக்கு மிதந்து வந்த யாரோ ஒருவருடைய செருப்பைக் காலால் ஒதுக்கினார். "வாங்க, உள்ள போலாம். உங்க ஊரு முழுகறதுக்கு முன்னாடி நாம முழுகிடுவோம்."

அதே வாரத்தில்தான் குடியுரிமை அலுவலகத்துக்கும் போக வேண்டியிருந்தது. இத்தனை வருடம் ஆகியும் என் கையில் இருப்பது நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அட்டைதான். கடவுச்சீட்டு இலங்கையுடையது. மனு போடுவேன், காத்திருப்பேன், ஒரு வரியில் பதில் வரும், மறுபடி போடுவேன். இந்தத் தடவை கவுண்டரில் ஒரு மலாய்ப் பையன். நல்ல மரியாதை. பிறந்த இடத்தின் எழுத்துக்கூட்டலைச் சரிபார்க்கத் தன் கைப்பேசியில் தட்டினான். தட்டியவன் முகம் மாறியது. முதலில் வந்து நின்றது என் மகளின் காணொளி.

"பூலாவ் இனி மாசே அடா, புவான்?" என்று மெல்லக் கேட்டான். இந்தத் தீவு இன்னும் இருக்கிறதா அம்மா என்று அர்த்தம். அரசாங்க அலுவலகத்தில் என்னிடம் அவ்வளவு கனிவாக ஒருவரும் பேசியதில்லை. "அடா, அடா" என்றேன். இருக்கிறது, இருக்கிறது. வெளியே வந்து காருக்குள் உட்கார்ந்து அழுதேன்.

5

அன்று பின்னேரம் யாழினியைக் கூப்பிட்டு உட்கார்த்தினேன். தர்சிகாவின் கலியாண விஷயத்தை முழுதாகச் சொன்னேன். வீடியோவை நீக்கச் சொன்னேன். அவள் முகம் வெளுத்துப்போயிற்று.

"கல்யாணம் நிக்குமா? வீடியோவாலயா?"

"நிக்கலாம்."

அவள் கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தாள். "வசந்தி ஆன்ட்டி வீட்டை எடுத்துடறேன் மா. அது தப்பு, எனக்கே உறுத்துச்சு. ஆனா கிணறு?"

"என்ன கிணறு?"

"உங்க வீட்டுக் கிணறு. வீடியோவில பின்னாடி வருதே. நீங்க முழுசாப் பாக்கவே இல்லையா?"

பார்க்கவில்லை. இடிந்த வீட்டிலேயே எனக்கு இரத்தம் கொதித்துப்போனதால், ஒவ்வொரு தடவையும் அந்த இடத்திலேயே நிறுத்தியிருந்தேன். அவள் கைப்பேசியில் மாமா அனுப்பிய குரல் பதிவைப் போட்டாள். அண்ணையின் குரல், வழக்கமான சலிப்போடு: "இப்ப கிணறு நல்லாச் சவர் தட்டிட்டுது பிள்ளை. வாயில வைக்கேலாது. பவுசர் வண்டியில வாற தண்ணிதான் குடிக்கிறம். முன்னம் கோடையில மட்டும்தான் இப்பிடி. இப்ப மாரியிலயும் மாறேல்லை. உன்ர அம்மாவுக்குச் சொல்லிப்போடாதை, பிறகு அழுவாள்."

எங்கள் கிணறு நல்ல தண்ணீர்க் கிணறு. அயலட்டை முழுவதும் குடத்தோடு வந்து அள்ளிப் போகும். அம்மா அதைச் சொல்லிச் சொல்லியே பெருமைப்பட்டவர். அது உப்பாகிவிட்டது என்பதை என் அண்ணை என்னிடம் சொல்லவில்லை, என் ட்யூஷனுக்கு வராமல் ஒளிந்து திரிந்த என் மகளிடம் சொல்லியிருக்கிறார். எனக்கு அண்ணைமேல் கோபமா, கிணற்றின்மேல் கோபமா என்று தெரியவில்லை. எழுந்து அடுப்படிக்குப் போனேன். குழாயைத் திறந்து ஒரு வேலையும் இல்லாமல் கை கழுவினேன்.

"இதையும் எடுக்கணுமா மா?" என்று யாழினி பின்னாலேயே வந்து கேட்டாள். "நீங்க சொன்னா எடுத்துடறேன். வேலை போனாலும் பரவால்ல."

அண்ணையின் பிள்ளைக்காக எடு என்று சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் உண்மையைச் சொன்னதற்காக என் பிள்ளையிடம் அதை அழி என்று எப்படிச் சொல்வது? பொய்யை விட்டுவிட்டு உண்மையை மட்டும் வைத்துக்கொள் என்றேன். சொல்லும்போதே பயமாக இருந்தது.

எடிட்டரோடு அவள் இரண்டு நாள் மல்லுக்கட்டினாள். கடைசியில் வசந்தியின் வீடு போயிற்று. வயலினும் போயிற்று. கிணறு இருந்தது. புதிய காணொளியை முன்னையதில் பாதிப் பேர்கூடப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டாதவர்கள் மட்டும் தவறாமல் பார்த்தார்கள்.

"உனக்கு மூளை இருக்கோ?" என்று அண்ணை கத்தினார். "உடைஞ்ச வீடு கிடந்திட்டுப் போகட்டும், அது ஆரோ ஒருத்தரின்ர வீடு. கிணத்தையெல்லோ எடுத்திருக்க வேணும்!"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இடிந்த வீட்டுப் பொய் எங்கள் வீட்டில் யாருக்கும் பெரிய கெடுதல் செய்திருக்காது. சமாளித்திருக்கலாம். உண்மையைத்தான் சமாளிக்க வழியில்லை.

6

பிறகு கொஞ்ச நாள் அண்ணையிடமிருந்து சத்தமில்லை. நான் அழைத்தாலும் அண்ணையின் மனைவி, என் மச்சாள்தான் பேசினார், அதுவும் "ஓம், ஓம், இருக்கிறம்" என்று இரண்டு சொல். மாப்பிள்ளையின் தாய் வீட்டைப் பார்க்க வரப்போகிறார் என்பது மட்டும் தெரிந்தது. பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லத்தான் வருகிறார் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். தர்சிகாவின் முகத்தை இனி எப்படிப் பார்ப்பது என்று நினைத்து நினைத்து, ஒரு நாள் சோற்றை அடிப்பிடிக்க விட்டேன். யாழினியோ கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே சுற்றினாள். புதுக் காணொளி ஒன்றும் செய்யவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அண்ணை அழைத்தார். ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டேன். யாழினி வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள்.

"வந்திட்டுப் போட்டினம்" என்றார்.

"என்னவாம்?"

"தண்ணி எப்பிடி எண்டு தாய் மனுசி கேட்டுது. நான் ஏதோ சொல்லிச் சமாளிக்கப் பாத்தன். இவள் தர்சிகா இடையில புகுந்து, சவர்தான் மாமி, குடிக்கேலாது, வீடியோவில சொன்னது சரிதான் எண்டு சொல்லிப்போட்டாள். எனக்குத் தலையைத் தூக்கேலாமல் போச்சு."

நான் கத்தியைக் கீழே வைத்தேன்.

"மனுசி பிறகு சொல்லுது, பிள்ளை எங்களுக்குப் பிடிச்சிருக்கு, பொய் சொல்லாத பிள்ளை, வீடு வேண்டாமாம். கலியாணத்தை ஆவணியில வைப்பமாம். யாழ்ப்பாண ரவுணில வாடகைக்கு இருக்கினமாம்."

"அண்ணை! நல்ல விஷயமெல்லோ?"

"நல்ல விஷயம்தான்" என்றார். பிறகு அவர் அழுவது கேட்டது. என் அண்ணை அழுது நான் கேட்டதில்லை, சண்டைக் காலத்திலும் கேட்டதில்லை. "ஆனால் என்ர பிள்ளை வெறுங்கையோடை போறாளே பிள்ளை. அம்மம்மா வீடு. தாறம் எண்டு சொல்லியும் ஒருத்தரும் வேண்டாம் எண்டுகினமே."

கலியாணம் தப்பிவிட்டது என்ற நிம்மதிக்குள் இதை நான் எதிர்பார்க்கவில்லை. சண்டைக்கும் விழாமல் நின்ற வீடு. அதைப் பாதுகாக்கத்தானே ஊர் முழுக்கப் போன பிறகும் அவர் அங்கேயே கிடந்தார்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவரே தொடர்ந்தார். "நான் ஒண்டு யோசிச்சனான். நியாயப்படி அது உன்ர வீடு. உன்னட்டை இலங்கைக் கடவுச்சீட்டு இருக்கிறபடியால் எழுதிறதுக்குத் தடையில்லை எண்டு பத்திரம் எழுதிற நொத்தாரிசு சொல்லுறார். உன்ர பேரில எழுதிவிடுறன். பிறகு நீ உன்ர மகளுக்குக் குடு. என்ன சொல்லுறாய்?"

சிவப்பு அட்டைக்காரியான எனக்கு, குடியுரிமை கேட்டு மனுப் போட்டுக் காத்திருக்கும் எனக்கு, கடலோரத்தில் உப்புக் கிணற்றோடு ஒரு வீடு. எனக்குப் பிறகு, ஈப்போவில் பிறந்து வளர்ந்து, அங்கே ஒரு வாரம் இருக்க முடியாமல் அழுத இவளுக்கு. கடல் ஏறப்போகிறது என்று ஊருக்கெல்லாம் சொன்னவளே இவள்தான். பைத்தியக்காரத்தனம் அண்ணை, அவள் அதை வைத்து என்ன செய்வாள் என்று சொல்ல வாயெடுத்தேன். முன்பு என் கணவர் வீட்டார் சொன்ன அதே சொற்கள்.

யாழினி ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். பிடி வலித்தது.

"வேணாம்னு சொல்லிடாதீங்க மா."

"எடி, நீதானே சொன்னாய் அது இருக்காது எண்டு."

"இருக்காதுதான்" என்றாள். கண் நிறைந்திருந்தது. "இருக்கிற வரைக்கும் யாராவது வச்சிருக்கணும்ல."

மறுமுனையில் அண்ணை காத்துக்கொண்டிருந்தார். "ஆர் கதைக்கிறது? என்னவாம் பிள்ளை?" என்றார்.

"வேணுமாம் அண்ணை" என்றேன்.